ஸ்ட்ராப் இல்லாத கைட்போர்டில் குதிக்கும்போது போர்டு ஏன் கூடவே வருவதில்லை?

நாகப்பட்டினத்துப் பக்கமிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. ராமேஸ்வரம் போய் கைட்போர்டிங், அதாவது பெரிய காற்றாடி இழுக்க தண்ணீர்மேல் பலகையில் ஓடும் விளையாட்டைக் கற்றுக்கொண்டவர். பாதத்தை மாட்டிக்கொள்ளும் ஸ்ட்ராப் உள்ள, இரண்டு முனையும் ஒரே மாதிரியான ட்வின்டிப் போர்டில் நன்றாகவே குதிக்கிறார். இப்போது ஸ்ட்ராப் இல்லாத சர்ஃப்போர்டு ஒன்று வாங்கியிருக்கிறார். அதில் குதித்தால் இவர் மேலே போகிறார், போர்டு தண்ணீரிலேயே கிடக்கிறது. இன்னும் உயரமாகக் குதிக்க என்ன வழி, பேசாமல் ஸ்ட்ராப் மாட்டிவிடலாமா, இதைப் பழக நம் டெல்டா கரையே போதுமா என்று கேட்கிறார்.

உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். ட்வின்டிப்பில் குதிக்கத் தெரிந்தவருக்கு உயரம் ஏற்கனவே கையில் இருக்கிறது. காலில் எதுவும் மாட்டாதபோது போர்டை உங்களோடு மேலே கொண்டுவருவது எது, அங்கேயே பிடித்து வைத்திருப்பது எது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கும் கேள்வி. பல வருடங்களாக இதைக் கற்றுக்கொடுத்து வருகிறேன், பெரும்பாலும் சர்ஃப்போர்டில்தான். அடியில் இறக்கை வைத்துத் தண்ணீருக்கு மேலே எழுந்து ஓடும் ஃபாயில் போர்டு என் கை இல்லை. போட்டிக்காரர்கள் காற்றில் போடும் சுழற்சிகளையும் நான் சொல்லித் தருவதில்லை. கேப் வெர்டி தீவுகளில் பிறந்த மிட்டு மொன்டெய்ரோ, ஏர்டன் கொசோலினோ போன்றவர்கள் ஸ்ட்ராப் இல்லாமல் செய்வதைப் பார்த்துவிட்டு அதைக் கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. முதல் ஒரு மீட்டர் உயரம் வரைக்கும்தான் கீழே எழுதுவது.

முதலில் கணக்கு. 18 நாட் காற்று என்பது மணிக்கு சுமார் 33 கிலோமீட்டர். அந்தக் காற்று ஒரு தட்டையான பரப்பில் நேராக அடித்தால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 5 கிலோ எடை வைத்த மாதிரி அழுத்தும். 5 அடி 4 அங்குலம் நீளமுள்ள ஒரு சாதாரண சர்ஃப்போர்டின் அடிப்பரப்பு அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஆக, அடிப்பக்கம் முழுவதும் காற்றைப் பார்த்து நின்றால் சுமார் 3 கிலோ அழுத்தம் கிடைக்கிறது. அடியில் உள்ள ஃபின் (துடுப்பு), மேலே கால் வழுக்காமல் ஒட்டும் பேட் எல்லாம் சேர்த்து போர்டின் எடையும் கிட்டத்தட்ட 3 கிலோதான். காற்றால் உங்கள் போர்டைத் தாங்க முடியும், ஆனால் மயிரிழையில்தான் முடியும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி ஏறி இறங்கும். 12 நாட்டில் அது பாதிக்கும் கீழே போய்விடுகிறது, 25 நாட்டில் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 12 நாட் காற்றில் நாள் முழுக்க முயன்றுவிட்டு தனக்கு வரவில்லை என்று சோர்ந்துபோகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்றில் பழகியவர்களுக்கே கஷ்டம்.

நீங்கள் ஓடுகிற வேகமும் காற்றோடு சேரும், அதனால் போர்டு உணரும் காற்று கரையில் நிற்பவர் உணர்வதைவிடக் கூடுதலாகவும், கொஞ்சம் முன்பக்கமிருந்தும் வரும். இது உங்களுக்குச் சாதகம். பாதகம் என்னவென்றால், குதித்த பிறகு உங்களைக் கைட் தாங்குகிறது, போர்டைக் கைட் தாங்குவதில்லை. நீங்கள் கயிற்றில் தொங்கியபடி மெதுவாக இறங்குவீர்கள். போர்டு கல் போல விழப் பார்க்கும். ஸ்ட்ராப் இருந்தால் இந்த வித்தியாசத்தை உங்கள் கணுக்கால் ஈடுகட்டிவிடும், நீங்கள் கவனிக்கக்கூட மாட்டீர்கள். ஸ்ட்ராப் இல்லாதபோது ஈடுகட்ட இருப்பது காற்று மட்டும்தான். நெல் தூற்றும்போது முறத்தைக் காற்றுக்கு எதிரே சாய்த்தால் உள்ளங்கையோடு அப்பிக்கொள்ளும், கோணம் கொஞ்சம் மாறினால் பிடுங்கிக்கொண்டு போகும், பார்த்திருப்பீர்கள். போர்டும் அதேதான்.

ட்வின்டிப் பழக்கம் எங்கே உதைக்கிறது என்று இப்போது சொல்லலாம். ட்வின்டிப்பில் குதிக்கும்போது குதிகால் பக்கத்து விளிம்பைத் தண்ணீரில் ஆழமாக அழுத்தி, கைட்டை 11 மணியிலிருந்து (தலைக்கு நேர் மேலே 12 மணி என்று வைத்துச் சொல்லும் கடிகாரக் கணக்கு) வேகமாகப் பின்னுக்கு அனுப்பி, அது வெடுக்கென்று தூக்கும் நேரத்தில் கையில் பிடித்திருக்கும் பாரை இழுப்பீர்கள். சர்ஃப்போர்டில் இதில் இரண்டு கோளாறு. ஒன்று, விளிம்பை அழுத்தியிருக்கும் நிலையில் போர்டின் மேல்பக்கம்தான் காற்று வரும் திசையைப் பார்த்துச் சாய்ந்திருக்கிறது. அப்படியே எழுந்தால் காற்று மேல்பக்கத்தில் அடித்து போர்டைக் காலிலிருந்து பிரிக்கும். இன்னொன்று, கைட் உங்களை வெடுக்கென்று தூக்கினால் போர்டுக்கு அந்த வேகம் கிடைக்காது. அதை மேலே தள்ள ஒன்றுமே இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறி, அதாவது ஆள் மேலே, போர்டு கீழே என்பது, இந்த இரண்டாவதுதான் என்று தொண்ணூறு சதவீதம் சொல்வேன். வீடியோ பார்க்காமல் முழுதாகச் சொல்ல முடியாது. போர்டு கொஞ்சம் எழும்பி பிறகு பக்கவாட்டில் பறந்துபோகிறது என்றால் முதல் கோளாறு.

அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் போர்டு எழ வேண்டும், அதன் கூடவே நீங்கள், கைட்டின் உதவி கடைசியில்.

இதற்கு முன்னால் கரையில் ஒரு வேலை இருக்கிறது. கைட்டை விரிக்கவே வேண்டாம். காற்று நன்றாக அடிக்கும்போது, பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தில் போர்டை எடுத்துக்கொண்டு காற்றைப் பார்த்து நில்லுங்கள். அடிப்பக்கம் காற்றைப் பார்க்க, மேல்பக்கத்தில் உங்கள் உள்ளங்கைகள் இருக்கட்டும். விரல்களை விரித்துவிடுங்கள். போர்டு கையோடு நிற்கும். இப்போது மூக்கை மெதுவாக இறக்குங்கள், பிறகு ஒரு விளிம்பைத் திருப்புங்கள். எந்தக் கோணத்தில் அழுத்தம் குறைகிறது, எதில் பிடுங்குகிறது என்று கைக்குத் தெரியும். நான் சொல்லித் தருகிறவர்கள் எல்லாரையும் இதைச் செய்யச் சொல்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். ஆனால் காலுக்குப் பிறகு தெரியவேண்டியதைக் கை முன்கூட்டியே கற்றுக்கொள்கிறது, அதுவும் தண்ணீர் குடிக்காமல்.

தண்ணீரில் முதல் கட்டம் கைட்டின் உதவியே இல்லாத குட்டித் துள்ளல். இடப்பக்கம் ஓடுவதாக வைத்துச் சொல்கிறேன். வலப்பக்கம் என்றால் மணிக்கணக்கைத் திருப்பிக்கொள்ளுங்கள். கைட் 11 மணியில் அசையாமல் நிற்கட்டும். நடுத்தர வேகத்தில் ஓடுங்கள். எதிரே சின்ன அலைமேடு ஒன்று வரும்போது முழங்காலை மடக்கி, மேடு மூக்கைத் தூக்கும் நேரத்தில் பின்காலால் வாலை ஓர் உதை உதைத்துவிட்டு, உடனே இரண்டு முழங்காலையும் நெஞ்சை நோக்கி இழுங்கள். உயரம் ஒரு சாண் வந்தால் போதும். இங்கே முக்கியமானது முழங்காலை இழுப்பது. உதைத்த பிறகு காலை நீட்டியே வைத்திருந்தால், எழும்பி வரும் போர்டுக்கு மேலே இடமில்லை. அது உங்கள் பாதத்தில் முட்டி மறுபடி கீழே போகும். காலை இழுத்தால் போர்டு வந்து சேர இடம் கிடைக்கும். இந்தத் துள்ளல் பத்துக்கு எட்டு முறையாவது போர்டோடு இறங்கும் வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். சலிப்பாகத்தான் இருக்கும். இதைத் தாவிப் போனவர்கள் எல்லாரும் பிறகு திரும்பி வந்து இதையே பழகியிருக்கிறார்கள்.

அப்புறம் கைட்டோடு. வேகம் நடுத்தரமாகவே இருக்கட்டும். கொஞ்சம் காற்றுப்போக்கில் போர்டைத் திருப்பி, கயிற்றின் இழுப்பைச் சற்றே தளர்த்துங்கள். கைட்டை 11 மணியிலிருந்து 12ஐ நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். மெதுவாக என்றால், ட்வின்டிப்பில் நீங்கள் அனுப்பும் வேகத்தில் பாதி. 12ஐத் தாண்டிப் பின்னுக்கு விட வேண்டாம். கைட் மேலே ஏறும்போதே போர்டை அப்விண்ட் பக்கமாக, அதாவது காற்று வரும் பக்கமாக வளைத்துத் திருப்புங்கள். மூக்கு காற்றைத் தேடிப் போக வேண்டும். உடம்பு லேசாகிறது என்று கைட்டை இடுப்போடு இணைக்கும் ஹார்னஸ் சொல்லும். அந்தக் கணத்தில் விளிம்பை விட்டு போர்டைத் தட்டையாக்கி, அதே பின்கால் உதை, அதே முழங்கால் இழுப்பு. பாரை அப்போதுதான், அதுவும் அளவாக உள்ளே இழுக்க வேண்டும்.

காற்றில் இருக்கும்போது முன்முழங்கால் பின்முழங்காலைவிட உயரமாக இருக்கட்டும். மூக்கு காற்று வரும் பக்கம் திரும்பியும் கொஞ்சம் தூக்கியும் இருந்தால், காற்று மூக்குக்கு அடியில் புகுந்து அடிப்பரப்பு முழுவதையும் உங்கள் பாதத்தோடு அழுத்தும். இதைச் சரியாகச் செய்த முதல் முறையே உங்களுக்குத் தெரிந்துவிடும். பாதத்தில் ஒரு கனம் வரும், யாரோ கீழேயிருந்து தாங்குகிற மாதிரி. அந்தக் கனம் இல்லையென்றால் போர்டு இன்னும் உங்களோடு இருப்பது தற்செயல். கண் போர்டைப் பார்க்கக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆரம்பத்தில் மூக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பதில் தவறில்லை. தலையை முழுக்கக் கவிழ்த்து உடம்பைக் கூன வைக்காமல் பார்த்தால் சரி.

இறங்குவது ட்வின்டிப்பைவிட எளிது, ஒரு விஷயம் தவிர. இறங்கத் தொடங்கியதும் கைட்டை 12லிருந்து 11க்கு முன்னே கொண்டுவந்து மூக்கைக் காற்றுப்போக்கில் திருப்புங்கள். வால் முதலில் தொட்டு, முழங்கால் மடங்கி வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு விஷயம் இதுதான்: நடுவானில் போர்டு பிரிந்துவிட்டால் அதைக் காலால் தேடாதீர்கள். பாதி காலில் ஒட்டியிருக்கும் போர்டின் மேல் கோணலாக வந்து இறங்குவதுதான் முழங்கால் திருகிக்கொள்ளும் வழி. கவிழ்ந்து ஃபின் மேலே பார்த்துக் கிடக்கும் போர்டின் மேல் விழுந்தால் தையல் போடவேண்டி வரும். காலால் தள்ளிவிடுங்கள், கைட்டைத் தலைக்கு மேலேயே வைத்து கொஞ்சம் தள்ளிப் போய், கால்களைச் சேர்த்து மடக்கித் தண்ணீரில் உட்காருங்கள். ஒரு குதிப்பு கெட்டுப்போனது என்று எழுந்த இரண்டாவது கணமே முடிவு செய்துவிடுவது நல்லது.

போர்டு பிரிந்தால் அது காற்று வரும் பக்கத்தில் கிடக்கும், நீங்கள் காற்றுப்போக்கில் தள்ளி வந்திருப்பீர்கள். ஒவ்வொரு தோல்விக்கும் அப்விண்ட் பக்கமாக பாடி டிராக் செய்து, அதாவது போர்டு இல்லாமல் கைட் இழுக்க உடம்பாலேயே தண்ணீரில் நகர்ந்துதான் அதை எடுக்க வேண்டும். அதனால் பாடி டிராக் கண்ணை மூடிக்கொண்டு வருமளவுக்கு இல்லையென்றால், முதல் இரண்டு நாளும் அதையே பழகுங்கள். இதற்குச் சோம்பல்பட்டு போர்டை லீஷ் என்கிற கயிறு போட்டு உடம்போடு கட்டாதீர்கள். இழுபட்ட லீஷ் சுருங்கும்போது போர்டு நேராகத் தலைக்கு வரும். இது நிச்சயமாகத் தெரிந்த ஆபத்து, இதில் இரண்டு கருத்து இல்லை. ஹெல்மெட்டும் அடி தாங்கும் இம்பாக்ட் வெஸ்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு கருத்து உள்ள விஷயங்களும் இருக்கின்றன. கையால் போர்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிப்பது அதில் ஒன்று. பின்கையை பாரிலிருந்து எடுத்து விரல்கள் பக்கத்து விளிம்பைப் பிடித்தால் போர்டு போகாது, உண்மைதான். முதல் நாளிலிருந்தே அப்படிப் பழக்கும் பயிற்சியாளர்கள் உண்டு, அவர்களிடம் கற்றவர்களும் நன்றாகவே குதிக்கிறார்கள். என் கணிப்பில், கை பிடித்துக்கொண்டால் கால் காற்றைத் தேடாது. கோணம் தவறாக இருந்தாலும் குதிப்பு முடிந்துவிடும், தவறு அப்படியே பழகிவிடும். அதோடு ஒரு கை மட்டும் பாரில் இருக்கும்போது பாரைத் தெரியாமல் ஒரு பக்கம் இழுத்து கைட்டைத் திருப்பிவிடுவது புதியவர்களுக்குச் சகஜம். அதனால் கையில்லாத குதிப்பு ஓரளவு வந்த பிறகே நான் பிடிக்கச் சொல்வேன். இது என் வழி, நிரூபணம் எதுவும் கிடையாது. கால் வழுக்காமலிருக்க வாக்ஸா, பேட்டா என்பதும் இப்படித்தான். நம் கடல் வெப்பத்துக்கு டிராபிகல் என்று போட்டிருக்கும் கெட்டி வாக்ஸ் வேண்டும், மற்றது உருகி வழியும். டிராபிகல் வாக்ஸையே வெயிலில் மணலில் வைத்தால் அரை மணியில் மணல் காகிதமாகிவிடும். பின்காலுக்கு மட்டுமாவது உயர்ந்த விளிம்புள்ள பேட் இருந்தால் உதைக்க வசதி. கைட் விஷயத்தில், 70, 75 கிலோ ஆளுக்கு 18, 20 நாட்டில் 9 சதுர மீட்டர் கைட் போதும். வழக்கமாக எடுப்பதைவிடப் பெரிய கைட் எடுத்தால் உயரமும் இழுப்பும் வரும், நிதானம் போகும்.

சரி, டெல்டா. இங்கேதான் என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்.

நம் கரை கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை கிழக்கைப் பார்க்கிறது. கோடியக்கரையில் திரும்பி முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் என்று பாக் நீரிணையைப் பார்த்து ஓடுகிறது. அதனால் ஒரே காற்று ஒரு கரையில் உங்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும், அரை மணி நேரப் பயணத்தில் உள்ள இன்னொரு கரையில் நடுக்கடலுக்குக் கொண்டுபோகும். தை, மாசியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடை நாகப்பட்டினம் பக்கத்தில் சாய்வாகக் கரையை நோக்கி அடிக்கும். அது கைட்டுக்கு நல்ல திசை. அதே வாடை கோடியக்கரையைத் தாண்டித் தெற்குப் பார்த்த கரையில் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். அங்கே கைட் விழுந்து மறுபடி எழுப்ப முடியாமல் போனால் நீங்கள் போகும் திசையில் பக்கத்தில் கரையே கிடையாது, இருப்பது திறந்த கடல்தான்.

ஆடியில் தலைகீழ். அம்மியும் நகரும் என்கிற அந்த மேல்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து திருச்சியைத் தாண்டி டெல்டா முழுக்க வீசும். வயலில் நின்றால் கைட்டுக்கு அருமையான காற்று மாதிரி தோன்றும். நாகை, காரைக்கால், தரங்கம்பாடிக் கரையில் அது நேராகக் கடலை நோக்கிப் போகும் காற்று. சவுக்குத் தோப்பையும் தென்னையையும் தாண்டி வருவதால் கரையோரம் விட்டுவிட்டு அடிக்கும், ஐம்பது நூறு மீட்டர் உள்ளே போனதும் முழு பலத்தோடு பிடிக்கும். பின்தொடரும் படகு இல்லாமல் இந்தக் காற்றில் இறங்கக் கூடாது. குதிக்கப் பழகுகிறவர் படகு இருந்தாலும் இறங்கத் தேவையில்லை. கோடை மத்தியானங்களில் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும், அது திசைக்கு நல்லது. ஆனால் மேல்காற்று பலமாக உள்ள நாளில் அது தாமதமாக வரும், பலவீனமாக வரும், சில நாள் வராமலே போகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. காற்று பலமாகவே இருக்கும், ஆனால் மேகத்தோடு வரும் திடீர்க் காற்று பத்து நிமிடத்தில் இரட்டிப்பாகும், அப்போது அழுத்தம் நான்கு மடங்கு. முகத்துவாரங்களில் ஆறு அடித்துவரும் மரக்கட்டையும் கலங்கலும் வேறு. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த மாதங்களைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

ஆக, மார்கழிக் கடைசி முதல் மாசி வரை நாகைக் கரை சரிப்படும். அதிலும் குதிக்கப் பழக ஒரு குறை இருக்கிறது. கரையோரம் அலை உடைகிறது. உடையும் அலைக்குள் குதிக்கப் பழகுவது வீண்வேலை. அதைத் தாண்டிப் போனால் போர்டு தொலைந்த ஒவ்வொரு முறையும் ஆழத்தில் தேட வேண்டும். குட்டித் துள்ளலுக்கு அலைமேடு உதவும், அதனால் அந்தக் கட்டத்தை உள்ளூரிலேயே பழகுங்கள். கைட்டோடு எழும் கட்டத்துக்கு, இடுப்பளவோ நெஞ்சளவோ ஆழமுள்ள அமைதியான தண்ணீர் வேண்டும். அதற்கு நீங்கள் ஏற்கனவே கற்ற ராமேஸ்வரம் பக்கமே போய் நான்கைந்து நாள் தங்குவது மேல். குதிக்கும் உயரத்துக்குக் குறையாத ஆழம் இருக்க வேண்டும் என்பது நாங்கள் வைத்திருக்கும் அளவு. முழங்கால் ஆழத்தில் குதித்தால் போர்டு இல்லாமல் இறங்கும்போது கால்தான் தரையை முதலில் சந்திக்கும்.

அமைதியான தண்ணீர் என்றதும் முத்துப்பேட்டைக் காயல் ஞாபகம் வந்திருக்கும், எல்லாருக்கும் வரும். அது அலையாத்திக் காடு, வனத்துறையின் பொறுப்பில் உள்ள இடம். கோடியக்கரை 1967இலிருந்து சரணாலயம், குளிர்காலத்தில் பூநாரை உட்பட வலசைப் பறவைகள் கூட்டமாக இறங்கும் நேரமும் உங்களுக்கு நல்ல காற்று உள்ள நேரமும் ஒன்றே. பறவைக் கூட்டத்துக்கு மேலே கைட் பறந்தால் மொத்தமும் எழுந்து போய்விடும். அதிராம்பட்டினத்திலிருந்து தெற்கே தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் பாக் விரிகுடாப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அந்தக் கடற்புல் படுகைகளில் நண்டு வலையும் ஊன்றிய கம்புகளும் எங்கே இருக்கின்றன என்று அந்த ஊர்க்காரருக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பக்கத்துக் கடலடியோ சேறு. இடுப்பளவு தண்ணீர் என்று இறங்கினால் அதில் பாதி சேறாக இருக்கும். எனவே அந்தப் பக்கத்தை மறந்துவிடுங்கள்.

நாகைப் பக்கம் இறங்கும் முன் அந்தக் குப்பத்து மீனவர் பஞ்சாயத்தாரிடம் சொல்லுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள், வலை எந்தப் பக்கம் கிடக்கிறது, நீரோட்டம் அன்று எப்படி என்பதையும் சொல்லிவிடுவார்கள். கச்சான் என்கிற மேல்காற்று எப்போது திரும்பும் என்று அவர்கள் சொன்னால் செல்பேசிச் செயலியைவிட அதையே நான் நம்புவேன். கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், ஏனென்றால் நம் கடலில் வானத்தில் எது பறந்தாலும் கேள்வி வரும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. கரையில் கைட்டைத் தெரிந்த ஒருவராவது நிற்க வேண்டும். தரங்கம்பாடி, பூம்புகார் மாதிரி கருங்கல் கொட்டிய கரைகளையும், கூட்டம் நிற்கும் வேளாங்கண்ணியையும் விட்டுவிடுங்கள். ஒரு சின்னக் குதிப்பிலேயே பத்து, பதினைந்து மீட்டர் காற்றுப்போக்கில் தள்ளிப் போவீர்கள். அந்தப் பக்கம் கல்லோ படகோ ஆளோ இருக்கக் கூடாது.

ஸ்ட்ராப் மாட்டலாமா என்று கேட்டதற்கு: மாட்டலாம், தப்பில்லை. பெரிய அலையிலும் பலத்த காற்றிலும் சர்ஃப்போர்டில் ஸ்ட்ராப் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் ஸ்ட்ராப் போட்டால் நீங்கள் பழைய ட்வின்டிப் குதிப்பையே குதிப்பீர்கள், இந்தக் கேள்விக்கு அவசியமே இருக்காது. பாதிக்குப் பாதி என்று முன்காலுக்கு மட்டும் ஒன்று மாட்டிப் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் நிறைய. அதை மட்டும் செய்ய வேண்டாம். பின்கால் கழன்று முன்கால் மாட்டிக்கொண்டு விழுந்தால் போர்டின் முழு நீளமும் உங்கள் கணுக்காலையும் முழங்காலையும் திருகும் நெம்புகோலாகிவிடும். போட்டால் இரண்டும், இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். உங்கள் போர்டில் ஸ்ட்ராப்புக்கான திருகுத் துளைகள் கம்பெனியிலேயே போட்டு வந்திருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் கடையில் கொடுத்துத் துளை போடச் சொல்லாதீர்கள். உள்ளே இருப்பது நுரை. துளை வழியாகத் தண்ணீர் ஏறினால் போர்டு கனத்துவிடும், பிறகு 18 நாட் காற்றால் அதைத் தாங்க முடியாது.